மின்னல் வாசனைத் தண்ணீரும் என் பல் செட்டும்

மின்னல் வெட்டி மழை ஓய்ந்ததும் ஏரிப் பக்கமிருந்து ஒரு வாசனை வரும். பழவேற்காட்டில் எல்லாருக்கும் அது தெரியும். மூக்கைச் சுருக்கென்று பிடித்துக்கொள்ளும், பிறகு விட்டுவிடும். அந்த வாசனையை ஒரு மிஷினால் தண்ணீருக்குள் பிடித்துவைத்து என் வாயில் ஊற்றினார்கள் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை. மீன் வாங்கப் போனால்கூடப் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். எனக்கும் சொல்லப் பிடிக்கும். கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். கடைசியில் மீன் தீர்ந்துபோய்விடும்.

ஆனால் அந்த மிஷின் கதையை மட்டும்தான் இவ்வளவு நாளாகச் சொல்லிவந்திருக்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னதில்லை. இப்போது அதையும் சொல்லப் போகிறேன்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் சபுரா எழுதுகிறாள். ஐந்தாவது வரை படித்தவள். நான் ஒன்று சொன்னால் அதைத் திருத்தி வேறு மாதிரி எழுதிவிடுகிறாள். "நான் பேசற மாதிரியே எழுதேன்டி" என்றேன். "பேசறது வேற, எழுதறது வேற மாமி. யார் யார் இன்னா பேசினாங்களோ அத மட்டும் அப்படியே போட்டுடறேன்" என்றாள். போகட்டும்.

முதலில் பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் கருவாட்டு வியாபாரி. மூட்டைகளோடு சென்னைக்குப் போய்வருவார். எனக்கு மேல் பற்கள் எல்லாம் கொட்டிப்போனபோது என்னை அங்கே ஒரு சீனக்காரர் கடைக்குக் கூட்டிப்போய்ப் பல் செட்டு கட்டிக் கொடுத்தார். சிவப்பு ரப்பரில் அண்ணம், அதில் வரிசையாகப் பதினாலு பல். என் சொந்தப் பல்கூட அவ்வளவு வெள்ளையாக இருந்ததில்லை. அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது, பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர், "இன்னா, சிரிக்கறதுக்கு டிக்கட் வெச்சிடலாமா?" என்றார். பேரன் பிறக்கும் முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சொல்லை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

சீனக்காரர் அரைகுறைத் தமிழில் ஒன்று சொன்னார்: படுக்கப் போகும்போது பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும், காலையில் தேய்த்துக் கழுவிப் போட்டுக்கொள்ள வேண்டும். நான் தலையை ஆட்டினேன். ஒருநாள்கூடச் செய்யவில்லை. பொக்கை வாயோடு என்னை யாராவது பார்த்துவிட்டால்? செட்டு கட்டிய பிறகு என் வீட்டுக்காரரே அப்படிப் பார்த்ததில்லை. என் மகன் காசிமும் பார்த்ததில்லை. புது மருமகள் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆறு வருஷம் அந்தச் செட்டு என் வாயை விட்டு இறங்கவே இல்லை. முகம் கழுவும்போது வாயைக் கொப்பளித்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அண்ணம் எரிய ஆரம்பித்தது. மிளகாய் பட்டால் கண்ணில் நீர் வரும். கடைவாய் இரண்டு பக்கமும் வெடித்தது. விரலை விட்டுப் பார்த்தால் செட்டின் ஓரத்தில் தயிர் ஆடை மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வரும். பித்தம் என்று சொல்லிக் காரத்தை விட்டேன். கிராம்பை அடக்கிக்கொண்டு வாசனையை மறைத்தேன். முந்தானையை வாய்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு பேசப் பழகினேன். என் நாத்தனார் மைமூன், "அண்ணிக்கு இப்பத்தான் வெக்கம் வந்துகீது" என்று கேலி செய்தாள். அவள் எங்கள் வீட்டோடு இருப்பவள்.

அப்போதுதான் சபுராவுக்குப் பிள்ளை பிறந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துப் பிறந்த ஆண்பிள்ளை. தெருவே எங்கள் வீட்டில்தான் இருந்தது. பள்ளிவாசலிலிருந்து அஜரத் வந்து பிள்ளையின் காதில் பாங்கு சொன்னார். அதற்குப் பிறகு பேரீச்சம்பழம். எங்களில் அது வழக்கம். வீட்டில் பெரியவர், நல்லபடியாக வாழ்ந்தவர், ஒரு பழத்தைக் கூழாக மென்று அதில் துளியூண்டு எடுத்துப் பிள்ளையின் அண்ணத்தில் தடவுவார். யார் தடவுகிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்று சொல்லிக்கொள்வோம்.

"அண்ணிதான் மெல்லணும்" என்றாள் மைமூன். "பதினாலு பல்லு எதுக்குக் கீது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழத்தை வாயில் போட்டபோது அண்ணம் திகுதிகுவென்று எரிந்தது. அப்போதாவது, "வேண்டாம், சம்பந்தியை மெல்லச் சொல்லு" என்று சொல்லியிருக்கலாம். சபுராவின் வாப்பா ஊத்துக்கோட்டையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஆனால் எல்லார் கண்ணும் என்மேல் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. மென்றேன். விரலால் எடுத்தேன். பேரன் வாயில் தடவினேன். அவன் நாக்கைச் சப்புக்கொட்டினான். எல்லாரும், "பாரு, பாரு" என்றார்கள்.

பத்தாம் நாள் அவன் நாக்கு வெள்ளையாக இருந்தது. பால் திட்டு என்று நினைத்தோம். துணியால் துடைத்தால் போகவில்லை. அழுத்தித் துடைத்தபோது இரத்தம் கசிந்தது. மறுநாள் கன்னத்துக்குள், அண்ணத்தில், எல்லாம் வெள்ளை. மார்பில் வைத்தால் ஒரு இழுப்பு இழுப்பான், வீலென்று அலறிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொள்வான்.

"இவ பாலு புளிச்சிப் போச்சி" என்றாள் மைமூன். "புள்ள வாயே சொல்லுதே."

நான் அந்த வெள்ளையைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வெள்ளை அது. என் விரலில் எத்தனை தடவை வந்திருக்கிறது! பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று இத்தனை நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டது போதும். தெரிந்தும் நான் சொன்னது இதுதான்: "ரெண்டு நாளு ஆட்டுப்பாலு குடுத்துப் பாப்போம்."

சபுரா பால் கொடுப்பதை நிறுத்தினாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிடும். பின்கட்டுக்குப் போய் மாதுளஞ்செடி அடியில் பீய்ச்சிவிட்டு வருவாள். வந்து என் முகத்தைப் பார்ப்பாள். "மாமி, நெசமாவே என் பாலுதானா?" என்று ஒருமுறை கேட்டாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டேன்.

ஆட்டுப்பாலும் இறங்கவில்லை. பிள்ளையின் உச்சிக்குழி உள்ளே விழுந்தது. காசிம் பயந்துபோய்ப் பொன்னேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அங்கே இருந்த கம்பவுண்டர் வாயைப் பார்த்துவிட்டு, "இங்க வெச்சிக்கினு இருக்காதீங்க" என்று திருவள்ளூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். காசிம், சபுரா, மைமூன், நான் எல்லாரும் இரண்டு பஸ் மாறிப் போனோம். வழி முழுக்கப் பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆஸ்பத்திரி என்றால் பெரிய கட்டடம் இல்லை. ஓட்டுக் கூரை, நீள வராந்தா, அதில் பெஞ்சு. பெஞ்சில் காலில் கட்டோடு ஒருவர், கண்ணில் கட்டோடு ஒருவர், கையில் கோழியோடு ஒரு அம்மா. கோழிக்கு என்ன வைத்தியம் என்று கேட்டேன். டாக்டருக்குக் கொடுக்கவாம். காத்திருக்கிற நேரத்தில் அது என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

டாக்டர் ஐயா ஒருவர்தான். குழந்தை, பல், கை கால் எல்லாம் அவரே பார்ப்பார். நரைத்த தலை. ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவர். மேரி என்று ஒரு நர்ஸ், பொதட்டூர்பேட்டைப் பெண். தட்டையான குச்சியால் பிள்ளையின் நாக்கைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, ஒரு குழாய் வழியாக டாக்டர் பார்த்தார். காசிமையும் பார்க்கச் சொன்னார்.

"நூல் நூலாத் தெரியுதா? இது ஒரு காளான். ஊறுகாய்ப் பானைல வெள்ளையாப் பூக்குதே, அதுக்குத் தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கோங்க. எல்லார் வாயிலயும் கொஞ்சம் இருக்கும். அது பாட்டுக்கு இருக்கும். வாய் கெட்டுப்போனாலோ, பச்சப் புள்ளைக்குப் போனாலோதான் இப்படிப் பரவும்."

"பாலாலயா ஐயா?" என்றான் காசிம்.

"பால்ல இது வராது. தாய்ப்பால்தான் இவனுக்கு இப்ப மருந்து. மொதல்ல அதக் குடுங்க." பிறகு எங்களை எல்லாம் பார்த்தார். "வீட்டுல வேற யாருக்காவது வாயில புண்ணு இருக்கா?"

மைமூன் இல்லை என்றாள். சபுரா வாயைத் திறந்து காட்டினாள், சுத்தமாக இருந்தது. என் முறை வந்தபோது முந்தானைக்குள்ளிருந்து, "இல்ல" என்றேன். வயதானவள், கோஷாக்காரி, அந்நிய ஆண் என்று அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

எங்களை அங்கேயே தங்கவைத்து ஊதா மருந்து போட்டார்கள். பஞ்சில் தொட்டுப் பிள்ளையின் வாய் முழுக்கத் தடவினார்கள். சபுராவின் மார்புக் காம்பிலும் தடவச் சொன்னார்கள். பிள்ளையின் உதடு, கன்னம், சட்டை, சபுராவின் ரவிக்கை, மேரியின் விரல், எல்லாம் நாவற்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது. மூன்றாம் நாள் வெள்ளை உதிர்ந்தது. நாலாம் நாள் மார்பைப் பிடித்து வயிறு முட்டக் குடித்தான். சபுரா குனிந்து அவன் நெற்றியில் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள். எனக்கும் பாரம் இறங்கியது. இனிமேல் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைத்தேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஆறாம் நாள் வெள்ளை திரும்பி வந்தது.

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். வெயில் காலம். பால் குடிக்கும் இடைநேரத்தில் கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு கரண்டி கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கொடுத்தது நான். ஒவ்வொரு கரண்டியும் முதலில் என் வாயில் வைத்துச் சூடு பார்ப்பேன். அப்புறம் அதே கரண்டியை அவன் வாயில் வைப்பேன். எங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் கொடுத்தோம். ஆறாம் நாள் அவன் நாக்கைப் பார்த்துவிட்டுக் கரண்டியைப் பார்த்தேன்.

மைமூன் விடவில்லை. "டாக்டரு இன்னா சொன்னா இன்னா? பால வுட்டப்ப நல்லா இருந்தான், திரும்பி வெச்சாங்க, திரும்பி வந்திடுச்சி." பாலை நிறுத்தியிருந்தபோது அவன் நன்றாக இருந்ததே இல்லை. ஆனால் அழுகிற வீட்டில் யார் கணக்குப் பார்க்கிறார்கள்? காசிமும் ஓய்ந்துபோயிருந்தான். சபுராவை ஊத்துக்கோட்டைக்கு அனுப்பிவிடுவது, பிள்ளையை நாங்கள் வைத்துக்கொண்டு வேறு பால் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. அப்படிப் போன பெண்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை சபுராவின் வாப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். நல்ல மனிதர். மகளைக் கூட்டிப்போக வந்தவர் எங்களுக்காக ஒரு துணியில் கொய்யாப்பழம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சபுரா தன் துணிகளை மூட்டை கட்டினாள். பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.

"மாமி, என் பாலுதான் இவனக் கெடுத்துச்சின்னா நீங்களே பாத்துக்கங்க. உங்க கையிலதான் வுட்டுட்டுப் போறேன். வேற யாரையும் நான் நம்பல."

அவள் திரும்பி இரண்டு அடி வைத்தாள். பிள்ளை என் கையில் இறகு மாதிரி இருந்தான். உதட்டில் பழைய ஊதா, உள்ளே புது வெள்ளை.

"நில்லு" என்றேன்.

வராந்தாவில் அத்தனை பேர். காலில் கட்டுப் போட்டவர், சம்பந்தி, என் மகன், கதவருகே டாக்டர் ஐயா. நான் முந்தானையை இறக்கினேன். வாய்க்குள் கையை விட்டுப் பல் செட்டைப் பிடித்து இழுத்தேன். ஆறு வருஷம் இருந்தது, சுலபமாக வரவில்லை. வந்தபோது தோலும் வெள்ளையுமாக வந்தது. அதன் வாசனையைப் பற்றிச் சொல்ல மாட்டேன். காசிம் ஒரு அடி பின்னால் போனான். என் மகன்.

"உம்மா, இன்னா இது?"

"காளான் இவ பால்ல இல்லடா. என் வாயில கீது. பழத்த மென்னதும் நானு, கரண்டியச் சப்பினதும் நானு" என்றேன்.

பல் இல்லாமல் பேசினால் பாதி காற்றாகத்தான் வரும். டாக்டர் ஐயாவுக்குப் புரியவில்லை. "என்ன சொல்றீங்கம்மா? இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். ஒரு தடவை சொல்லவே அத்தனை நாள் ஆனது. அதை நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மைமூன் என் முந்தானையை இழுத்தாள். "அண்ணி, சும்மா இரு. எல்லாரும் பாக்கறாங்க. வாய மூடு."

"மூடிக்கினுதான் இம்மாம் நாளு இருந்தேன்" என்றேன்.

சபுரா என் வாய்க்குள் பார்த்தாள். பிறகு பிள்ளையின் வாய்க்குள் பார்த்தாள். என் கையிலிருந்து அவனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சம்பந்திதான் கொஞ்ச நேரம் கழித்து, "பஸ்ஸு போயிருக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, மகளின் மூட்டையை எடுத்துக் கட்டிலடியில் வைத்தார். பஸ் அப்போதுதான் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எல்லார் காதிலும் விழுந்தது.

இனிமேல்தான் மிஷின் கதை. இதைச் சொல்லும்போது மட்டும் எனக்குச் சந்தோஷம் தாங்காது.

ஊதா மருந்து எனக்கும் போட்டார்கள். அதோடு டாக்டர் ஐயா தன் அறையிலிருந்து ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தது. உள்ளே கண்ணாடிக் குழாய். சுவிட்சைப் போட்டால் குழாய்க்குள் ஊதாவாக வெளிச்சம் நடுங்கும், தேனீ மாதிரி முனகும். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தண்ணீர்க் குடுவைக்குள் போகும். தண்ணீர் குமிழி குமிழியாகக் கொப்பளிக்கும், ஆனால் சூடே இருக்காது.

"காத்துல பிராணவாயு இருக்கு. அது ரெண்டு ரெண்டாச் சேந்துதான் இருக்கும். கரண்ட் பட்டா மூணு மூணாச் சேந்துக்கும். அதுக்கு ஓசோன்னு பேரு. அந்த மூணாவது ஆளு நிலையா நிக்க மாட்டான். எதையாவது பிடிச்சு ஒட்டிக்குவான், ஒட்டினதை அழிச்சுடுவான். காளானையும் அழிப்பான்னு நெனைக்கிறேன். அங்க பல் டாக்டருங்க இதச் செய்யறதப் பாத்தேன். நிச்சயமாச் சொல்ல மாட்டேன்."

"ரெண்டு பேரு இருக்கற எடத்துல மூணாவது ஆளு வந்தா அப்படித்தான் ஐயா" என்றேன். மேரி சிரித்த சிரிப்பில் குடுவை ஆடியது. மைமூன் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தத் தண்ணீரை உடனே வாயில் ஊற்றிக் கொப்பளிக்க வேண்டும். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். அந்தக் காற்றை மூச்சில் இழுக்கக் கூடாது, நெஞ்சுக்கு ஆகாது. அதனால் ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும், மேரி விசிறியால் அந்தப் பக்கம் தள்ளுவாள். ஒருநாள் வாசனை பிடித்திருக்கிறதே என்று குனிந்து மோந்துவிட்டேன். அரைமணி நேரம் இருமினேன். "பெரிம்மா, இது ரோசாப்பூவா? தள்ளிக் குந்து!" என்று மேரி கத்தினாள். பச்சைப் பிள்ளைக்கு அந்தத் தண்ணீர் கிடையாது, அவனுக்கு ஊதா மருந்து மட்டும்தான். என் பல் செட்டையும் அந்தத் தண்ணீரில் போட்டுக் குமிழி விட்டார்கள். அது அங்கே கிடந்து என்னைப் பார்த்துச் சிரித்தது.

கரண்ட் இருந்தால் மிஷின் ஓடும், இல்லாவிட்டால் வராந்தாவில் காத்திருப்பேன். பொக்கை வாயோடுதான். பல்லைத் திரும்ப மாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முதல் இரண்டு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் கால் கட்டுக்காரர், "யம்மா, இந்தப் பக்கம் திரும்பு. எனுக்கும் பல்லு இல்ல" என்று வாயைத் திறந்து காட்டினார். அதற்குப் பிறகு திரும்பி உட்கார்ந்தேன். சம்பந்தி ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டார். எனக்குக் கஞ்சியைக் கரண்டியால் மசித்து, ஆற்றி, உப்புக் குறைத்துக் கொண்டுவந்து வைப்பார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கஞ்சியைப் பார்த்தே குடித்தேன்.

இரண்டு வாரத்தில் அண்ணம் துவைத்த துணி மாதிரி சுத்தமாக ஆறிவிட்டது. பிள்ளையின் வாய் அதற்கு முன்னாலேயே சுத்தமாகிவிட்டது. பிறகு வரவே இல்லை. டாக்டர் ஐயா சொன்னார்: "மிஷின் பாதி செஞ்சிருக்கலாம், மருந்து பாதி செஞ்சிருக்கலாம். பல்லைக் கழட்டினீங்களே, அதுதான் முக்கியம். பழக்கத்துல தப்பு ஒண்ணும் இல்லம்மா. மெல்லற வாய் நல்லா இருக்கணும்."

சபுரா என்னிடம் பேசாமலே வீட்டுக்கு வந்தாள். வந்த அன்று பொழுது சாய்ந்ததும் ஒரு பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பல்லைப் போட. அன்றிலிருந்து ஒருநாள் தவறியதில்லை. பேச ஆரம்பிக்க மாதக் கணக்கானது. கிண்ணம் வராத நாள் கிடையாது.

போன மாதம் அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது, பெண். பேரீச்சம்பழத்தை என்னிடம் நீட்டினார்கள். நான் அதை வாங்கிச் சம்பந்தியின் கையில் கொடுத்தேன். அவர் மென்று தடவினார். அந்தப் பெண்ணுக்கு அவர் குணம் வரட்டும்.

இதுவரைக்கும் சொல்லிவிட்டு, "சபுரா என்ன மன்னிச்சிட்டான்னு எழுதி முடிச்சிடு" என்றேன்.

அவள் பேனாவை வைத்துவிட்டாள். "அத நான் இன்னும் சொல்லலியே மாமி."



"வாயத் தெறங்க, பாக்கறேன்" என்றாள். பல்லைக் கழற்றிவிட்டு அண்ணாந்தேன். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, மேலே, பக்கத்தில், நாக்குக்கு அடியில் எல்லாம் பார்த்தாள். "சுத்தமா கீது. இத எழுதறேன்" என்றாள்.

எழுதினாள். எனக்கு எழுத்து தெரியாது. அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று நான் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. படித்துக் காட்டினாள். நம்பினேன். என் வாய்க்குள் என்ன இருந்தது என்று தெரியாமல் அவளும் ஒருநாள் என்னை அப்படித்தான் நம்பினாள்.